ஒரே வீடு, இரண்டு சதுர அடி: கடற்கரை ஊரில் ஒரு கட்டட அளவைத் தகராறு

வீடு ஒன்றுதான். வீட்டுக்காரர் கணக்கில் அது 2,958 சதுர அடி, மேஸ்திரி கணக்கில் 3,656 சதுர அடி. வித்தியாசம் 698. பேசிய ரேட் சதுர அடிக்கு 2,100 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் 14,65,800 ரூபாய் காற்றில் தொங்குகிறது. இரண்டு பேருமே டேப்பைச் சரியாகத்தான் பிடித்திருந்தார்கள். அளந்து முடித்தபிறகு எனக்கு முதலில் தெரிந்த விஷயம் இதுதான்: இந்தத் தகராறில் பொய் சொன்னவர் யாரும் இல்லை.

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி போகிற பக்கம், கடலிலிருந்து சுமார் 400 மீட்டர் உள்ளே, கடைத்தெருவை ஒட்டிய மனை. கீழே முன்பக்கம் இரண்டு கடை, பின்பக்கமும் மாடியும் வீடு. மகளுக்கு வீடு கொடுப்பது எங்கள் ஊரின் பழைய வழக்கம். பெண்ணின் வாப்பா (தந்தை) துபாயில் இருந்து பணம் அனுப்ப, மச்சான் இங்கே மேற்பார்வை பார்க்க, முதுகுளத்தூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் சாமான் உட்பட எடுத்துக் கட்டினார். உள்பூச்சு முடிந்த நிலையில் வேலை நின்றது. எட்டரை லட்சத்துக்கு மேல் பாக்கி, வந்தால்தான் சாரம் கட்டுவேன் என்றார் மேஸ்திரி. பத்து லட்சம் ஏற்கெனவே கூடுதலாகப் போய்விட்டது, அதைத் திருப்பிக் கொடு என்றார்கள் வீட்டார். இரண்டு மாதம் வேலை இல்லை. கடைக்கு முன்பணம் கொடுத்திருந்தவர் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம்தான் ஊர்ப் பெரியவர் ஒருவர் இரு தரப்பையும் என் அலுவலகத்துக்கு அனுப்பினார்.

என் வேலை என்ன என்பது

நான் சார்ட்டர்டு குவான்டிட்டி சர்வேயர். வளைகுடாவில் க்யூ.எஸ். என்றால் காவலாளிக்குக்கூடத் தெரியும். இங்கே 'சர்வேயர்' என்று பலகை வைத்தால் பட்டாவையும் எப்.எம்.பி. ஸ்கெட்ச்சையும் (நில அளவைப் படம்) தூக்கிக்கொண்டு வந்து, பக்கத்து மனைக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்பார்கள். முதல் வருஷம் வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். அடுத்தபடியாக வங்கிக் கடனுக்கு மதிப்பீடு கேட்டு வருகிறவர்கள். கட்டட வேலையின் அளவையும் விலையையும் கணக்கிடவும், ஒப்பந்தத்தை எழுதவும், பில்லைச் சரிபார்க்கவும் ஒரு ஆள் தனியாக உண்டு என்பதே இங்கே பலருக்குப் புதுச் செய்தி.

'சார்ட்டர்டு' என்கிற முன்னொட்டுக்குப் பின்னால் லண்டனில் 1868-இல் தொடங்கி 1881-இல் அரச சாசனம் பெற்ற ஒரு சங்கம் இருக்கிறது. ஆர்.ஐ.சி.எஸ். என்று சொன்னால் துறையில் இருப்பவர்களுக்குப் புரியும். செய்த வேலையை எழுதிக் கொடுத்து, ஒரு மணி நேரம் நேர்காணலில் உட்கார்ந்து வாங்கிய தகுதி அது. அந்தச் சில எழுத்துகளுக்காக நம் ஊரில் யாரும் ஒரு ரூபாய் கூடுதலாகத் தரப்போவதில்லை. ஆனால் அதோடு வரும் நடத்தை விதிகள் எனக்குப் பெரிய உதவி. 2022 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள ஐந்து விதிகளில் முதலாவதே நேர்மையைப் பற்றியது. நலன் முரண் இருந்தால் மறைக்கக் கூடாது என்பது அதில் அடங்கும்.

இந்த வழக்கில் முரண் என் காலடியிலேயே இருந்தது. என் அலுவலகம் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடி. அந்த வீட்டுக்கு சிமெண்ட் போனது அந்தக் கடையிலிருந்துதான். கடைக்காரர் என் வாடகை முதலாளி. அவருக்கு மேஸ்திரி இன்னும் பணம் தர வேண்டியிருந்தது. இரண்டு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்து இதை முதலில் சொன்னேன். வேறு ஆளைப் பார்ப்பதானால் மதுரையில் இருக்கிறார்கள், ஏற்பாடு செய்து தருகிறேன் என்றும் சொன்னேன். மேஸ்திரி சிரித்தார். "தம்பி, இந்த ஊர்ல எவனுக்கு எவன் கடன்காரன் இல்ல? நீங்களே அளங்க" என்றார். சரி என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கட்டணம் பாதிப் பாதி, அறிக்கை இருவருக்கும் ஒரே நேரத்தில், தீர்ப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து எனக்குச் சதவீதம் கிடையாது. சிறிய ஊரில் இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். அளந்து சொன்ன பிறகும் இரண்டு பேரையும் அதே டீக்கடையில்தான் நான் பார்க்க வேண்டும்.

எது சதுர அடி

ஒப்பந்தம் ஒரு முத்திரைத்தாள், ஒன்றரைப் பக்கம். ரேட் இருந்தது. எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பது இருந்தது. கம்பி, சிமெண்ட் பிராண்டு, டைல்ஸ் சதுர அடிக்கு 55 ரூபாய் வரை, தலைவாசல் தேக்கு, எல்லாம் இருந்தது. சதுர அடி என்றால் எது என்பது மட்டும் இல்லை. ரேட்டுக்கு மூன்று நாள் பேரம் பேசியிருக்கிறார்கள். 2,150-லிருந்து 2,100-க்கு இறக்கியதை மச்சான் பெருமையாகச் சொன்னார். அந்த ஐம்பது ரூபாயால் மிச்சமானது ஒன்றே முக்கால் லட்சத்துக்குள். பேசாமல் விட்ட அளவு முறையில் தொங்கியது பதினாலரை லட்சத்துக்கு மேல்.

வெளிச்சுவரோடு கட்டடம் 32 அடிக்கு 50 அடி. கீழே 1,600, மேலே 1,600. மேஸ்திரி அதோடு முன்பக்க பால்கனி 128, மொட்டைமாடிப் படிக்கட்டின் ஹெட்ரூம் 160, சன்ஷேடு 84 அடி நீளத்துக்கு 2 அடி அகலம் 168 என்று சேர்த்து 3,656-க்கு வந்தார். வீட்டார் உள்சுவருக்கு உள்சுவர் அளந்தார்கள்: முப்பதரை அடிக்கு நாற்பத்தெட்டரை அடி, இரண்டு மாடிக்கும் சேர்த்து 2,958. பால்கனி இல்லை, ஹெட்ரூம் இல்லை.

வீட்டார் இந்த முறையை எங்கே பிடித்தார்கள் என்பது சுவாரசியமானது. வாப்பா சென்னையில் ஒரு பிளாட் வாங்க விசாரித்திருக்கிறார். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி பிளாட்டைக் கார்ப்பெட் ஏரியா கணக்கில்தான் விற்க வேண்டும்; அதில் வெளிச்சுவரும் பால்கனியும் சேராது, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். அச்சு அசலாக அந்த முறையில்தான் அவர் அளக்கச் சொல்லியிருந்தார். "அரசாங்கமே இப்பிடித்தானே சொல்லுது" என்றார் போனில். "காக்கா (அண்ணன்), அது கட்டி முடிச்சதை வாங்குறவங்களுக்கு. கட்டுறவன் வெளிச்சுவரையும் கல்லு வச்சுத்தானே கட்டுறான்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அதுவும் சரிதான்" என்றார்.

மேஸ்திரிக்கு எதிரான பதிலும் அதே அளவுக்கு எளிது. கட்டடப் பரப்பை அளக்க இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3861 இருக்கிறது. பிளிந்த் ஏரியாவில், அதாவது கட்டடத்தின் மொத்தத் தளப் பரப்பில், சுவர்க் கனம் சேரும், மொட்டைமாடிப் படிக்கட்டு அறை சேரும், சன்ஷேடு சேராது. சதுர அடி ரேட் என்பதே சன்ஷேடு, கைப்பிடிச் சுவர், லாஃப்ட் எல்லாவற்றின் செலவையும் பரப்பின் மேல் பரத்திப் போட்ட சராசரி. சன்ஷேடைத் தனியாக அளந்து அதே ரேட்டைப் போடுவது ஒரே சாமானுக்கு இரண்டு பில். பால்கனியில் இந்தப் பக்கத்து வழக்கம் பாதி பிடிப்பது. அதை மறுக்க இரு தரப்புக்கும் மனம் வரவில்லை. ஆக 1,600, 1,600, 160, 64. மொத்தம் 3,424 சதுர அடி, 71,90,400 ரூபாய்.

ஆழமும் உயரமும்

மேஸ்திரியின் இரண்டாவது கோரிக்கை அஸ்திவாரம். வரைபடத்தில் ஐந்து அடி. மனையின் வடபாதி பழைய பள்ளத்தைத் தூர்த்த இடம். அங்கே ஆறு தூண்களுக்கு ஏழரை அடி போக வேண்டி வந்தது. அதற்கு 1,80,000 கேட்டார். குரலை உயர்த்தி அவர் பேசியது இதற்குத்தான்; மூன்று நாள் தண்ணீரில் நின்றோம் என்றார். கடலோரத்தில் ஏழு அடியில் ஊற்று எடுக்கும், உண்மைதான்.

ஆனால் அளந்தால் என்ன வருகிறது? குழி ஐந்துக்கு ஐந்து, கூடுதல் ஆழம் இரண்டரை அடி, ஆறு குழி: 375 கன அடி மண். தூண் ஒரு அடிக்கு ஒண்ணேகால் அடி: பத்தொன்பது கன அடிக்கும் குறைவான கான்கிரீட். கம்பி, தூணுக்கு ஆறு 16 எம்.எம். கம்பி, மொத்தம் 90 அடி. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எடை, 16 எம்.எம். கம்பிக்கு 1.58 கிலோ. 43 கிலோ, வளையங்களோடு 55. மண் வெட்ட 7,500, கான்கிரீட் 5,625, கம்பி 4,675, திரும்ப மூட 3,560, மோட்டார் வாடகையும் ஆளும் 4,500. எல்லாம் சேர்த்து 25,860 ரூபாய்.

மேஸ்திரி அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். "நானும் ஒரு லட்சத்துக்கு மேல போயிருக்கும்னுதான் தம்பி நெனச்சேன். அந்த மூணு நாளும் அப்பிடி இருந்துச்சு" என்றார். கஷ்டத்தின் அளவும் செலவின் அளவும் வேறு வேறு. தளத்தில் நிற்பவருக்கு இது கடைசி வரை பிடிபடாது, அதில் அவர் தப்பும் இல்லை.

உயரத்தில் கதை நேர்மாறாக நடந்தது. இதில் நான் சறுக்க இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் பேஸ்மெண்ட் உயரம், அதாவது வெளித்தரைக்கு மேல் வீட்டுத் தளம் நிற்கும் உயரம், இரண்டரை அடி. நான் ரோட்டில் நின்று தளமட்டம் வரை அளந்தேன், இரண்டரை அடி. பொருந்துகிறது என்று டிக் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் வீட்டுக்கார அம்மா டீ கொடுத்தபோது, "ரோடு போன வருசந்தான் தம்பி ஒசந்துச்சு. அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுப் படி மூணும் வெளிய தெரியும்" என்றார். வெளியே போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் இப்போது ஒரு படிதான் மேலே இருக்கிறது. பழைய தரையிலிருந்து அளந்தால் பேஸ்மெண்ட் நான்கு அடி.

ஒன்றரை அடி கூடுதல். வரைபடம் போட்ட பிறகு ரோடு ஏறியிருக்கிறது, மழைத் தண்ணீர் கடைக்குள் வரக் கூடாது என்று வாப்பாவே துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்: "புது ரோட்டுல இருந்து ரெண்டரை அடி ஒசரம் குறையக் கூடாது." தேதியோடு இருந்தது. இதற்காக மேஸ்திரி ஒரு பைசா கேட்கவில்லை. ஏன் என்றேன். "பாய் சொன்னாங்க, ஏத்துனோம். இதுக்கெல்லாமா கணக்கு?" என்றார்.

கணக்கு இருந்தது. உள்ளே நிரப்பியது, தூர்ந்து இறுகிய அளவில் 2,085 கன அடி; லாரியில் வரும்போது தளர்வாக இருப்பதால் கால் பங்கு கூட்டினால் 26 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி). கொட்டி, தண்ணீர் விட்டு, இடிக்க யூனிட்டுக்கு 2,800 வைத்தால் 72,800 ரூபாய். 280 அடி நீளச் சுவருக்கு ஒன்றரை அடி உயரம், தூண்களைக் கழித்து 294 கன அடி செங்கல் கட்டு, 63,210. பதினைந்து தூணுக்கும் கான்கிரீட் 6,300, கம்பி 6,800. வெளிப்பூச்சு 246 சதுர அடி, 11,070. மொத்தம் 1,60,180 ரூபாய். கத்திக் கேட்டது 26 ஆயிரம்கூட இல்லை. கேட்காமலே விட்டது ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

வீட்டாரின் மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. அவர் கேட்காததை நீங்கள் ஏன் எடுத்துக் கொடுக்கிறீர்கள், நீங்கள் யார் பக்கம் என்றார். நியாயமான கேள்வி. வீட்டாருக்காக மட்டும் போயிருந்தால் என் நிலை வேறு. இங்கே இருவருக்கும் பொதுவாக அளக்க ஒப்புக்கொண்டேன். சட்டமும் அந்தப் பக்கம்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 70-ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது. இதில் சொல்லி வேறு செய்யவைத்திருக்கிறார்கள். வாப்பாவிடம் சொன்னபோது அவர் மச்சானைவிட வேகமாக ஒத்துக்கொண்டார். அங்கே கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். கூடுதல் வேலைக்குக் கடிதம் எழுதுவது அவருக்குத் தினப்படி காரியம். சொந்த வீட்டுக்கு அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

டைல்ஸும் பூச்சும்

டைல்ஸை வீட்டார் மதுரையில் வாங்கி வந்திருந்தார்கள், 2,60,000 ரூபாய் பில். அதை முழுக்க மேஸ்திரி கணக்கில் கழிக்கச் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் அனுமதித்தது சதுர அடிக்கு 55. தேவை 2,700 சதுர அடி. கழிக்க வேண்டியது 1,48,500 மட்டும். மீதி அவர்கள் ஆசைக்கு அவர்கள் கொடுத்த விலை.

பூச்சு வேலையில் ஒரு கிளைத் தகராறு இருந்தது. மேஸ்திரியிடம் கூலிக்குப் பூசிய கொத்தனார், கதவு ஜன்னல் ஓட்டையைக் கழிப்பதில்லை என்பது எங்கள் வழக்கம் என்றார். மேஸ்திரி எல்லாவற்றையும் கழித்திருந்தார். ஐ.எஸ். 1200-இன் பூச்சுப் பகுதி இதற்கு அழகான நடுவழி வைத்திருக்கிறது. அரை சதுர மீட்டர் வரை கழிக்கவே வேண்டாம். அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழி. ஓரப் பூச்சைத் தனியாகச் சேர்க்காதே. மூன்றுக்கு மேல் இரண்டு பக்கமும் கழித்து, ஓரத்தை அளந்து சேர். நாலுக்கு நாலு அடி ஜன்னல் கிட்டத்தட்ட ஒண்ணரை சதுர மீட்டர், ஒரு பக்கம் கழிகிறது. கடை ஷட்டர் பத்துக்கு எட்டு, ஏழு சதுர மீட்டருக்கு மேல். இரண்டு பக்கமும் கழிந்து ஓரம் பத்தொன்பதரை சதுர அடி சேர்கிறது. ஜன்னல் ஓரம் பூசுவதுதான் கொத்தனாருக்கு நேரம் தின்னும் வேலை என்று தெரிந்த யாரோ எழுதிய விதி இது. பத்து நிமிஷத்தில் முடிந்தது.

உப்பு

அளவுக்காகப் போனவன் நான். ஆனால் கம்பிக்கும் சுவர்ப் பரப்புக்கும் இடையே எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் இந்தக் கரையில் எந்தக் கட்டடத்தையும் விட்டுவர மனம் வராது. பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தை உப்புக்காற்று தின்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது; 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அரிப்பை ஆராய ஒரு நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பது சும்மா இல்லை. எங்கள் தெருவின் பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன என்றால், அவற்றில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. கடல்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் மரமும்தான். அந்தக் கல்லை இன்று தொட முடியாது. பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கான்கிரீட்டும் கம்பியும் போட்டுத்தான் கட்டியாக வேண்டும்.

கான்கிரீட்டுக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 456 கடலோரக் காற்றில் நிற்கும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது. அதற்கு எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட், நீர் சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல். இந்த வீட்டு வரைபடத்தில் எம்20, 25 மில்லிமீட்டர். உள்நாட்டு ஊர் ஒன்றின் வரைபடத்தைப் பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. கை அளவில் கலக்கும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமெண்ட் எப்படியும் போய்விடுகிறது, சிமெண்ட் குறை இல்லை. குறை தண்ணீரில். 0.45 என்றால் மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர். நம் ஆட்கள் கலவை வழுக்கிக்கொண்டு ஓடினால்தான் திருப்தி அடைவார்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி, எந்தத் தண்ணீர் என்பது. மனைக் கிணறு உப்பு. கான்கிரீட்டுக்கு டேங்கர் தண்ணீர்தான் போட்டேன் என்றார் மேஸ்திரி. ரசீது இல்லை. இந்த இடத்தில்தான் வீட்டுக்கார அம்மாவின் நோட்டு வெளியே வந்தது. மகள் பள்ளியில் மிச்சம் வைத்த கோடு போட்ட நோட்டு. சிமெண்ட் எத்தனை மூட்டை இறங்கியது, மணல் எத்தனை யூனிட், எந்தத் தேதி, அன்று எத்தனை ஆள், டீ எத்தனை. "மாமி, இதை யார் எழுதச் சொன்னா?" என்றேன். "யாரும் சொல்லல. வாப்பா ராத்திரி போன்ல கேட்டா சொல்லணும்ல" என்றார். வளைகுடாவில் சம்பளம் வாங்கிக்கொண்டு தள நாட்குறிப்பு எழுதியவர்களை மேய்த்திருக்கிறேன்; இந்த நோட்டு அளவுக்கு நம்பிக்கையான ஒன்று என் கைக்கு வந்ததில்லை.

நோட்டில் மேல் தளம் போடும் வரை நான்கு டேங்கர், ஒவ்வொன்றும் 5,000 லிட்டர். வீட்டின் மொத்தக் கான்கிரீட் என் அளவில் 87 கன மீட்டர், 696 மூட்டை. மூட்டைக்கு 30 லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும் 20,880 லிட்டர். வந்தது 20,000. கலவைக்கு ஏறக்குறைய சரியாகப் பொருந்துகிறது. அப்படியென்றால் போட்ட கான்கிரீட்டை இறுகும் வரை நனைத்தது எந்தத் தண்ணீரில்? மேஸ்திரி தலையைச் சொறிந்தார். கிணற்றுத் தண்ணீர்தான். இன்னொன்றும் நோட்டில் இருந்தது: மாடியின் பின்பக்கச் சன்ஷேடு போட்ட நாளில் டேங்கர் வரவில்லை.

இதற்கு மேல் என் வேலை இல்லை. கட்டடம் தாங்குமா என்று நான் சொல்லக் கூடாது. அறிக்கையில், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் பார்க்க வேண்டும், வெளிப்பூச்சுக்கு முன் தூண், தளம், சன்ஷேடு மூன்றிலும் துளையிட்டு எடுத்த தூளில் குளோரைடு (உப்பு) சோதனை செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதினேன். தூணும் தளமும் கன மீட்டருக்கு 0.6 கிலோ என்ற வரம்புக்குள் வந்தன. பின்பக்கச் சன்ஷேடில் வரம்பு தாண்டியிருந்தது. பதினான்கு அடி நீளத்தை இடித்துத் தன் செலவில் மறுபடி போட்டார் மேஸ்திரி, இந்த முறை கம்பிக்கு இடைவெளி தரும் 45 மில்லிமீட்டர் கவர் பிளாக் வைத்து. சதுர அடிக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அவர் அவ்வளவு வாதாடிய அதே சன்ஷேடு. இன்ஜினியர் மற்ற வெளிப்பரப்புகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு ஒன்றைப் பரிந்துரைத்தார். வரைபடத்தில் இல்லாதது என்பதால் அதன் செலவு வீட்டாருடையது.

கணக்கு

மீதி வேலை, டைல்ஸ் சாமான் நீங்கலாக, 17,40,000 ரூபாய் மதிப்பு. அறை அறையாக அளந்து போட்டது; இதில் மட்டும் இருவரும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. வீட்டார் அதுவரை கொடுத்தது 52,50,000.

மேஸ்திரி கணக்குப்படி அவருக்கு வர வேண்டியது 8,67,600. வீட்டார் கணக்குப்படி அவர் திருப்பித் தர வேண்டியது 10,38,200. இடைவெளி 19 லட்சம். என் கணக்கு: 71,90,400-உடன் கூடுதல் வேலை 1,86,040 சேர்த்து, டைல்ஸ் 1,48,500 கழித்தால் ஒப்பந்த மதிப்பு 72,27,940. அதில் மீதி வேலையைக் கழித்தால் முடிந்தது 54,87,940. கொடுத்தது போக மேஸ்திரிக்குப் பாக்கி 2,37,940 ரூபாய்.

இரண்டு பேருக்கும் சந்தோஷமில்லை. வீட்டாருக்கு இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று. மேஸ்திரிக்கு இவ்வளவுதானா என்று. ஒரு லட்சத்தை வடகிழக்குப் பருவமழை முடியும் வரை நிறுத்திவைத்து, ஒழுகல் இல்லையென்றால் தை மாதம் கொடுப்பது என்று பேசி முடித்தோம். மறு வாரம் சாரம் ஏறியது. என் கட்டணத்தில் மேஸ்திரியின் பாதி மூன்று தவணையில் வந்தது, அதில் ஒரு தவணை கருவாடாக.

வேலை முடிந்து நாலைந்து மாதம் இருக்கும். தேவிபட்டினம் பக்கம் புது வீடு ஒன்று எடுக்கப் போவதாகச் சொல்லி, தன் கொட்டேஷனைப் பார்த்துத் தரச் சொன்னார் மேஸ்திரி. முதல் பக்கத்திலேயே பேனாவால் கட்டடத்தின் படம் வரைந்திருந்தார். சுவர்க் கனம் சேரும், ஹெட்ரூம் சேரும், பால்கனி பாதி, சன்ஷேடு சேராது, பேஸ்மெண்ட் உயரம் இன்றைய ரோட்டிலிருந்து இரண்டரை அடி, அதற்கு மேல் போனால் தனி, தண்ணீர் டேங்கர் மட்டும். கீழே ரேட்: சதுர அடிக்கு 2,250.

ஏன் நூற்றைம்பது ஏறியது என்று கேட்க வாயெடுத்து, அவர் போன பிறகு கால்குலேட்டரைத் தட்டினேன். 3,656-ஐ 3,424-ஆல் வகுத்து 2,100-ஆல் பெருக்கினால் 2,242.